உட்கார்ந்திருப்பவர் மேல் விழும் அடி

பாப்பா,

"போன்ல சொல்லாதீங்க நைனா, போன்னா உங்களுக்கு உடனே டவர் போயிடும். வர்றீங்களா இல்லையான்னு எழுதி அனுப்புங்க" என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். உங்கள் பதிவுக் கல்யாணத்துக்குக் கொடுத்த நோட்டீஸின் முப்பது நாள் அடுத்த வியாழக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு பெங்களூரு பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து. கேள்வி ஒரு வரி, பதில் ஒரு சொல். ஆனால் காலையில் கடை திறந்ததிலிருந்து நான் அந்த ஒரு சொல்லை எழுத உட்காருவதும், எழுந்து போய் ஒழுங்காகவே இருக்கும் பைப் கட்டுகளை மறுபடி ஒழுங்குபடுத்துவதும், திரும்ப வந்து உட்காருவதுமாக இருக்கிறேன். சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த உங்கம்மா இதைச் சற்று நேரம் நின்று பார்த்தாள். "இன்னாங்க, பரீட்சையா?" என்றாள். ஆமாம் என்றேன். "பக்கத்துல பாத்து எழுதக்கூட ஆள் இல்லியே, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மாதத்துக்கு முன் நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "நைனா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குது. கேம்ல பழக்கம். சேத்துப்பட்டு பக்கம் ஊரு. பேரு அமல்ராஜ்." பெயரைச் சொன்னதும் நீ கொஞ்சம் நிறுத்தினாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எனக்காக விட்ட இடம் அது. நான் சொன்னேன். "கேமா?" என்றேன். நான்கு செய்திகளில் எதை எதிர்த்தால் நான் நாகரிகமான மனிதனாகவே இருக்கலாமோ அதைத் தேர்ந்தெடுத்தேன். வேறு மதத்துப் பையன் வேண்டாம் என்பவன் பிற்போக்குவாதி. கம்ப்யூட்டர் விளையாட்டில் பழகியவன் வேண்டாம் என்பவன் பொறுப்புள்ள தகப்பன். நம் ஊர் நூலகத்தில் பாதியைப் படித்து முடித்தவன் பிற்போக்குவாதியாக இருக்க முடியாது. ஆகவே பொறுப்புள்ள தகப்பனானேன்.

பொறுப்புள்ள தகப்பன் செய்யவேண்டிய முதல் வேலை விசாரிப்பது. நம் குடும்பத்தில் பெண் கொடுக்கும் முன் பையனுடைய ஊருக்கு ஓர் ஆள் போவான். யார் என்று சொல்லமாட்டான். எதையாவது வாங்க வந்தவன் மாதிரி நின்று, நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, பையனைப் பற்றிக் கேட்டு வருவான். உன் சின்ன அத்தைக்கு வரன் பார்த்தபோது திண்டிவனத்தில் எனக்கு வேண்டாத ஒரு சைக்கிளை அரை நாள் விலை கேட்டுக்கொண்டு நின்றவன் நான். சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அங்கே போகவில்லை. போனால் அவர்கள் வீட்டுச் சுவரில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். பையன் அதிகம் புழங்குகிற ஊர் கேம்தானே என்று நியாயம் கண்டுபிடித்து, நீ விட்டுப் போன பழைய லேப்டாப்பை பீரோவிலிருந்து எடுத்தேன்.

உள்ளே போக ஒரு பெயரும் ஒரு தொழிலும் கேட்டார்கள். இனிஷியலோடு முழுப் பெயரைப் போட்டேன், நீளம் என்றது. "செஞ்சியார்" என்று வைத்துக்கொண்டு வில்லாளி ஆனேன். தூரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால். அங்கே ஒரு கடைவீதி இருக்கிறது, உனக்குத் தெரியும். கொல்லன் பட்டறைப் பக்கம் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "சேத்துப்பட்டு அமல்ராஜ் என்று ஒரு பையன், எப்படி? வீடு சொந்தமா?" என்று தட்டச்சு செய்தேன். ஓநாய்த் தலையோடு ஒருவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்துவிட்டுப் போனான். கடைசியில் உங்கள் கில்ட் ஆள் ஒருத்தி, காயத்தை ஆற்றும் வேலை பார்ப்பவள், என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள். கில்ட் என்பது சேர்ந்து சண்டைக்குப் போகிற கூட்டம் என்றாள். நம் பஜார் வியாபாரிகள் சங்கம் மாதிரி என்று புரிந்துகொண்டேன். இவர்கள் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். வெளியே அவள் கோயமுத்தூரில் பல் டாக்டர். கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். கோபக்காரனா என்று கேட்டேன். "கோவமா? அவனுக்கா? அவனுக்கு க்ரிட்டே கிடையாதுங்க அங்கிள். சுத்தமா சைபர். ஃபுல்லா ப்ளாக் மட்டும்தான், கேடயத்தப் புடிச்சிட்டு நிப்பான்" என்றாள்.

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து உனக்கு போன் செய்தேன். "விசாரிச்சிட்டேன் பாப்பா. பையன் அடிக்கவே மாட்டானாமே. தட்டப் புடிச்சிக்கிட்டு சும்மா நிப்பானாம், மத்தவங்க சண்ட போடுவாங்களாம். ஒரு ஆம்பளைக்கு இதெல்லாம் சரிப்படாது." நீ சிரித்தாய். புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தது கேட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நைனா, நிஜமான காரணம் இன்னா?" என்று கேட்டாய். "டவர் சரியில்ல பாப்பா" என்று வைத்துவிட்டேன். டவர் நம் கடை மொட்டைமாடியில்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகும் நான் விளையாடியதற்குக் காரணம் பிடிவாதம். பையனிடம் ஒரு குறையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் க்ரிட், ப்ளாக் என்ற அந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் படித்தேன். நீ அதில் பெரிய ஆள். எதிரியின் முதுகுப் பக்கம் போய் இரட்டைக் கத்தியால் குத்துகிறவள். (உங்கம்மாவிடம் சொன்னேன். "அவ சின்ன அத்தைய மாதிரி" என்றாள்.) உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பது பதிலுக்குள் வருகிறது.

ஒருவன் மேல் அடி விழும்போது கேம் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறது: அவன் கேடயத்தை முன்னால் பிடித்திருக்கிறானா? பிடித்திருந்தால் அது ப்ளாக். அடியில் பெரும்பகுதியைக் கேடயம் விழுங்கிவிடும். ஆனால் விழுங்குகிற ஒவ்வொரு அடிக்கும் அவன் தெம்பு குறையும். தெம்பு தீர்ந்தால் கை தானாக இறங்கி, இரண்டு நொடி திகைத்து நிற்பான். கேடயம் இல்லாவிட்டால்தான் அடுத்த கட்டம். கேம் உள்ளுக்குள் சீட்டு குலுக்கும். சீட்டு விழுந்தால் அதே அடி இரண்டு மடங்கு. அதுதான் க்ரிட். தலைக்கு மேல் மஞ்சள் நிறத்தில் பெரிய எண் எழும்பும். தடுக்கப்பட்ட அடிக்கு இந்தச் சீட்டே கிடையாது. கேடயம் முன்பக்கம் மட்டும்தான் காக்கும், முதுகுக்கு ஒன்றும் இல்லை. இதெல்லாம் மூன்று மலைக்கு மதில் கட்டி வைத்திருக்கிற செஞ்சிக்காரனுக்குப் புதிதல்ல.

பலத்தைக் கூட்டிக்கொள்ள எனக்குத் தந்த புள்ளிகள் அத்தனையையும் நான் க்ரிட்டில் போட்டேன். வியாபாரத்தில் ஒரு நாளும் துணிந்து எதையும் செய்யாதவனுக்கு அந்த மஞ்சள் எண் மேல் அப்படி ஓர் ஆசை. க்ரிட் விழும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்று காட்டியது. மூன்று அம்பு வீணானால் நான்காவது கட்டாயம் க்ரிட் என்று நம்பி, பெரிய அம்பை அதற்காகப் பிடித்து வைத்திருந்தேன். நான்காவதும் சாதாரண அடி. ஐந்தாவதும். பல் டாக்டர்தான் சொன்னாள்: "அங்கிள், ஒவ்வொரு அடிக்கும் புதுச் சீட்டுங்க. முன்னாடி வந்த சீட்டு அதுக்குத் தெரியாது." இதை மட்டும் கல்யாணத்துக்கு எடுத்துப் போ. மூன்று நாள் நாம் விட்டுக்கொடுத்தோம், நான்காம் நாள் எதிராளி விட்டுக்கொடுத்தே தீரவேண்டும் என்று காத்திருக்காதே. நானும் உங்கம்மாவும் அப்படிக் காத்திருந்தே பல வருஷத்தைக் கழித்தோம். மற்றபடி வாழ்க்கையே ஒரு விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுக்கு மேடையில் சால்வை போடுகிறார்கள், எனக்குப் புழுக்கம் ஆகாது.

ஒரு ஞாயிறு உங்கள் கில்டில் ஆள் குறைவு என்று என்னையும் குகைக்குக் கூட்டிப் போனார்கள். அன்று நீ ஆபீஸ் வேலையில் இருந்தாய். அமல்ராஜ் இருந்தான். நான் யார் என்று முதல் நாளே கில்ட் முழுக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொல்லன் பட்டறையில் வீடு சொந்தமா என்று கேட்கிறவன் வேறு யாராக இருக்க முடியும். நான் அவசரப்பட்டு முதல் அம்பை விட்டேன். அந்த இரண்டு தலைப் பிசாசு மற்றவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தது. பையன் நடுவில் வந்து கேடயத்தை ஊன்றினான். காதில் குரல் கேட்டது: "சார், நீங்க அடிங்க. நான் நிக்கிறேன்." நின்றான். அத்தனையும் அவன்மேல் விழுந்தது. நான் ஒன்பது க்ரிட் அடித்தேன், நாற்காலியிலிருந்து எழுந்து அடித்தேன். பிசாசு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் தெம்பு தீர்ந்து செத்துப்போனான். எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

அவன் எழுந்து வந்ததும் கேட்டேன். "ஏம்பா, நீ ஏன் க்ரிட்டுல ஒரு புள்ளிகூட போடல?"

"போட்டா நிக்க முடியாது சார். புள்ளி அவ்ளோதான குடுக்கிறாங்க, ரெண்டுல ஒண்ணு."

"உனக்கு மஞ்சள் நம்பரே வராதே."

"வராது சார். உங்க மேல விழாத அடிக்கு நம்பர் காட்டமாட்டாங்க இல்ல."

இதை அவன் தத்துவமாகச் சொல்லவில்லை. திரையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று விளக்கினான். நான் குறையைத் தேடி வந்தவன். லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "இன்னாங்க, தோத்துட்டீங்களா?" என்றாள் உங்கம்மா. ஜெயித்தேன் என்றேன். "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. தெரியாதது எனக்குத்தான், உனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேமில் காயம்பட்டவன் உட்கார்ந்து சாப்பிட்டால் உடம்பு தேறும். ஆனால் உட்கார்ந்திருப்பவனால் கேடயம் பிடிக்க முடியாது. அவன்மேல் விழும் அடிக்குச் சீட்டும் குலுக்குவதில்லை. எல்லா அடியும் க்ரிட். இந்த விதியைப் படித்த அன்று எனக்கு ஒரு சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வந்தது. நீ காலேஜ் இரண்டாம் வருஷ லீவில் வந்திருந்தாய். பத்து நாள் கடையில் உட்கார்ந்து எல்போ, டீ, கப்ளிங் எல்லாவற்றையும் அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு எழுதி ஒட்டினாய். பத்தாம் நாள் மதியம் வீட்டில் தரையில் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்துகொண்டே, "நைனா, அடுத்த லீவுல மோட்டார் சைடு பிரிச்சிடலாம். கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம் பாருங்க" என்றாய். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அன்று யாரிடமோ ஒரு சண்டை, யாரிடம் என்று இன்று நினைவில்லை. "போற வீட்ல போயி அடுக்கு. இது இன்னா உன் கடையா?" என்றேன்.

நான் உன்னை ஆயிரம் தடவை திட்டியிருக்கிறேன். நீ எதிர்த்துப் பேசுவாய், முறைப்பாய், கதவைச் சாத்துவாய். ஒன்றும் ஆகாது. அன்று நீ சோற்றைச் சாப்பிட்டு முடித்தாய், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாய். அதற்குப் பிறகு நீ கடைக்குள் கால் வைத்ததில்லை. ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பாய், நான் வெளியே வருவேன். காரணம் வெயில், பார்க்கிங் என்று நானே உனக்காகச் சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தை மற்ற வார்த்தைகளை விடக் கடுமையானது இல்லை, பாப்பா. நீ சந்தோஷமாக உட்கார்ந்திருந்த நேரத்தில் விழுந்தது, அவ்வளவுதான். கேமுக்கு வெளியே அடித்தவனுக்கு எண் தெரிவதில்லை. மன்னிப்புக் கேட்க எட்டு வருஷமும் ஒரு பிசாசுக் குகையும் தேவைப்பட்டது எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அமல்ராஜைப் புகழ்ந்துவிட்டேன் என்பதற்காக அவன் எந்நேரமும் கேடயத்தோடு நிற்க விட்டுவிடாதே. கேடயம் தூக்கியவன் பாதி வேகத்தில்தான் நடக்கிறான், யாரையும் தொட முடிவதில்லை. நான் முப்பது வருஷமாகச் செய்தித்தாளை வைத்து உங்கம்மாவைத் தடுத்து வருகிறேன். அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்தை விரிப்பேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போதெல்லாம் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்து, "மூணாவது பத்தி படிச்சி முடிச்சிட்டீங்களா, நான் ஆரம்பிக்கட்டுமா?" என்கிறாள். அவன் அதிகம் பேசாமல் இருந்தால் அமைதியான பையன் என்று பெருமைப்படாதே. எதைத் தடுத்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேள்.

இங்கே எழுந்து போய்விட்டேன். ஒருவருக்கு அரை இன்ச் வால்வு வேண்டியிருந்தது. இல்லை, அதற்கு முன்பே எழுந்துவிட்டேன். அடுத்து எழுதவேண்டியது நேற்று நடந்தது.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு வெள்ளை வேட்டி, மஞ்சள் பையோடு ஒரு ஆள் வந்தார். என் வயது இருக்கும், வெயிலில் உழைத்த உடம்பு. "ஃபுட் வால்வு இருக்குதுங்களா?" என்றார். எத்தனை இன்ச் என்றேன். "நீங்க எது நல்லதுன்றீங்களோ அது." இத்தனை வருஷத்தில் ஒரு விவசாயி என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வால்வைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சாமி படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணு ஒண்ணுதானுங்களா?" என்றார். வேண்டாத சைக்கிளை விலை கேட்டவனுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டுமா?

"நீங்க சேத்துப்பட்டா?" என்றேன்.

அவர் வால்வைக் கீழே வைத்தார். "பையன் சொன்னான், நீங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து விசாரிச்சீங்கன்னு. எனக்கு அந்த ஊருக்கு வழி தெரியலீங்க. அதான் கடைக்கே வந்துட்டேன்."

"விசாரிச்சீங்களா?"

"எதிர் டீக்கடையில கேட்டேன். நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னாங்க."

"யாரு சொன்னது?"

"அத சொல்லக் கூடாதுங்களே" என்றார். முறைப்படி சரிதான்.

பிறகு அவர் கல்லாவுக்குப் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "அவங்கம்மா பத்து நாளா சரியா சாப்புடல. மாதா கோயில்ல தாலி கட்டாம இன்னா கல்யாணம்னு. ஊர்ல இன்னா சொல்றதுன்னு எனக்கும் ஒரே டென்ஷன். உங்க வீட்லயும் அப்படித்தான இருக்கும்?" நான், "இந்தக் கேம்ல பழகினதுதான்..." என்று ஆரம்பித்தேன். "கேம வுடுங்க அண்ணே" என்றார். கோபமாக இல்லை. ஈ ஓட்டுவது மாதிரி.

அவரிடம் சொன்னேன், பாப்பா. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவரிடம் சொன்னேன். எனக்குக் கேம் பிரச்னை இல்லை. பையனும் பிரச்னை இல்லை. மாப்பிள்ளை பெயர் என்ன என்று பஜாரில் ஒருவன் கேட்பான், நான் சொல்லவேண்டும், சொன்ன பிறகு அவன் முகத்தை நான் பார்க்கவேண்டும். ஐந்து மாதமாக எனக்கு இருக்கும் பயம் இவ்வளவுதான். இத்தனை புத்தகம் படித்தவனுக்கு இவ்வளவு சின்ன பயம் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் தலையாட்டினார். "எனக்கு ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி வெளிய வர்றப்ப" என்றார்.

"வெள்ளிக்கிழம நீங்க வருவீங்களா அண்ணே?" என்றார். "நீங்க வந்தா நானும் வந்துடுவேன். அங்க தனியா போயி நிக்க ஒரு மாதிரி இருக்குது." வால்வைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். கிணற்றுக்கு என்ன மோட்டார் என்று கேட்டேன். "கெணறு எங்கங்க இருக்குது, போர்தான்" என்றார். ஃபுட் வால்வு கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுவது, போருக்குத் தேவையில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

வீட்டில் சொன்னேன். உங்கம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறேன். ரெண்டு மாசமா பொடவ எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். தினம் உன்னோடு பேசுகிறவள், அவனோடும் பேசியிருக்கிறாள். எனக்குத்தான் டவர் இல்லை.

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். அவரிடம் பத்து மணிக்குச் சொன்னது பதினொன்றுக்குள் பஜார் முழுக்கப் போய்விடும் என்பது உனக்கே தெரியும். பதிவுத் திருமணத்துக்கு எத்தனை சாட்சி என்று கேட்டேன். மூன்று என்றார். "யாருக்குங்க?" என்றார். என் பெண்ணுக்கு என்றேன். பையன் சேத்துப்பட்டு, பெயர் அமல்ராஜ் என்றேன். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் போகாமல், அவர் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்கும்வரை நின்றேன். பார்த்தார். பிறகு திரும்பி வந்து சேத்துப்பட்டுக்கு போன் செய்தேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் எனக்கும் உங்கம்மாவுக்கும் பக்கத்தில் அவருக்கும் ஒரு சீட் போடுகிறேன் என்றேன்.

மூன்று சாட்சியில் ஒன்று அந்தப் பல் டாக்டர் என்று உங்கம்மா சொன்னாள். மற்ற இரண்டு இடத்துக்கும் யாரையும் கூப்பிடாதே. எனக்கும் அமல்ராஜின் அப்பாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியும்.

நைனா